வீட்டிலிருந்த ஒரு பிரதி: பேக்கப் வளர்ந்த கதை

1998-ஆம் வருடம். கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் இயங்கி வந்த பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலை மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. ஒரு நாள் கணினி முன் உட்கார்ந்திருந்த சிலர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். படத்தின் நாயகனான பொம்மை வுட்டியின் தொப்பியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பூட்ஸைக் காணோம். கடைசியில் வுட்டியையே காணோம்!

நடந்தது இதுதான். படத்தின் கோப்புகள் எல்லாம் இருந்த சர்வரில் யாரோ ஒருவர் தவறான இடத்தில் 'அனைத்தையும் அழி' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டார். அலறியடித்துக் கொண்டு ஃபோன் செய்து, இயந்திரத்தின் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டது.

'பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே' என்றுதான் முதலில் நினைத்தார்கள். இங்கேதான் அடுத்த இடி. பேக்கப் சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை. நாடாவில் எழுதப்பட்டதை யாரும் திரும்ப எடுத்துச் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சுஸ்மன். படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக, படத்தின் கோப்புகள் அவ்வப்போது தானாகவே தன் வீட்டுக் கணினிக்கு நகலாகும்படி அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, குழந்தையைத் தூக்கி வருவது போல அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதில் இருந்த பிரதி சற்றுப் பழையதுதான். ஆனாலும் பல்லாயிரம் கோப்புகளை ஒப்பிட்டுச் சரிபார்த்து படத்தை மீட்டுவிட்டார்கள்.

இன்று வீட்டிலிருந்து வேலை செய்பவரின் லேப்டாப்பில் இருப்பது தானாகவே நிறுவனத்தின் கிளவுட் சேமிப்புக்குப் போய்ச் சேர்கிறது. பிக்ஸாரில் நடந்தது இதற்கு நேர் எதிர்த்திசை. அலுவலகத்தின் சொத்து ஊழியரின் வீட்டுக்குப் போய்த் தப்பித்தது. ஆனால் அடிப்படை ஒன்றே. பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். அது யாருடைய ஞாபகத்தையும் நம்பாமல் தானாக நடக்க வேண்டும். இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள கணினி உலகம் அரை நூற்றாண்டு எடுத்துக் கொண்டது. மூன்றாவதாக ஒரு பாடமும் உண்டு. அதைத்தான் பலர் இன்னும் படிக்கவில்லை.

காளான் வளர்த்தவரும் காகிதத் தீயும்

பிரதியை வேறு இடத்தில் வைப்பது என்ற எண்ணம் கணினிக்காகப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் ஹெர்மன் நவுஸ்ட் என்ற காளான் வியாபாரி 1936-இல், இரும்பு தோண்டி முடித்த ஒரு பழைய சுரங்கத்தை 9,000 டாலருக்கு வாங்கினார். இருட்டும் குளிர்ச்சியும் காளானுக்கு நல்லது என்பது கணக்கு. பிறகு அணுகுண்டு பயம் வந்தது. அதே சுரங்கத்தில் ஆவணங்களை வைத்தால் குண்டு விழுந்தாலும் பிழைக்கும் என்று யோசித்து 1951-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். வங்கிக் கணக்குகளின் மைக்ரோஃபிலிம் பிரதிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. 'அயர்ன் மவுண்டன்' என்ற பெயரில் இன்று உலகெங்கும் ஆவணக் கிடங்குகள் நடத்தும் நிறுவனத்தின் ஆரம்பம் இதுதான்.

அப்படி ஒரு பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1973 காட்டியது. அந்த வருடம் ஜூலை 12-ஆம் தேதி அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்கு அருகே ராணுவத்தினரின் பணிப் பதிவேடுகள் இருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. தீயை முழுவதுமாக அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-லிருந்து 1959 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் பதிவேடுகளில் சுமார் 80 சதவீதம் சாம்பலானது. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. 'நான் ராணுவத்தில் இருந்தேன்' என்று நிரூபித்தால்தான் சலுகைகள் கிடைக்கும் என்ற நிலையில் இருந்த முதியவர்கள், சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு என்று துண்டு துண்டாகத் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஒரு காகிதம் தொலைவது என்பது காகிதத்தோடு முடிவதில்லை, அந்தக் காகிதத்தை நம்பியிருந்தவரின் வாழ்க்கையையும் தொடுகிறது.

அதே 1973-இல் இந்தக் கதையின் இன்னொரு இழையும் தொடங்கியது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் நில்ஸ், ஊழியர்கள் தினமும் நகரின் நடுவே இருக்கும் அலுவலகத்துக்குக் காரில் வருவதற்குப் பதிலாக, வேலையைத் தொலைபேசிக் கம்பி வழியாக அவர்கள் பக்கத்தில் கொண்டு போனால் என்ன என்று ஆராயத் தொடங்கினார். 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவரே. அந்த வருட இறுதியில் வந்த பெட்ரோல் தட்டுப்பாடு அந்த யோசனைக்கு இன்னும் வலு சேர்த்தது.

ஆனால் வேலை வீட்டுக்குப் போனால், வேலையின் காகிதமும் கோப்பும் கூடவே போகுமே! அதை யார் பாதுகாப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆகின.

நாடாவின் காலம்

1952-இல் ஐபிஎம் நிறுவனம் தன் 726 காந்த நாடா இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. ஒரு சுருளில் சுமார் 2 மெகாபைட் கொள்ளும். இன்றைய செல்ஃபோன் படம் ஒன்றுக்கே அது போதாது. ஆனாலும் நாடாவுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் வைக்கலாம். சுரங்கங்களுக்கும் கிடங்குகளுக்கும் கணினி நாடாக்கள் பயணப்பட ஆரம்பித்தன.

1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இரண்டு சின்னக் கருவிகள் இருந்தன. ஒன்று 'டார்'. பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டி நாடாவில் எழுதுவது அதன் வேலை. இன்னொன்று 'க்ரான்'. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானாகச் செய்வது. இரண்டையும் சேர்த்தால் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது கணினி தானே பேக்கப் எடுத்துக்கொள்ளும். இன்றைய தானியங்கி பேக்கப் மென்பொருட்கள் அனைத்துக்கும் இதுவே பாட்டன்.

அடுத்த சிக்கல், கணினிகளின் எண்ணிக்கை. ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருந்த இடத்தில் மேசைக்கு ஒரு கணினி வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 'அமாண்டா' என்ற மென்பொருள் உருவானது. ஒரு மைய சர்வர், வலைப்பின்னலில் உள்ள எல்லாக் கணினிகளையும் இரவில் ஒவ்வொன்றாக அழைத்து, மாறியதை வாங்கி நாடாவில் எழுதும். அதன் ஆங்கிலப் பெயரின் விரிவாக்கத்திலேயே 'தானியங்கி' என்ற சொல் உண்டு.

ஆனால் இதெல்லாம் அலுவலகச் சுவருக்கு உள்ளே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர் கணக்கில் வரவில்லை. ராத்திரி சர்வர் அழைக்கும்போது அவருடைய கணினி அணைக்கப்பட்டிருக்கும், அல்லது ரயிலில் போய்க் கொண்டிருக்கும்.

நாடாவைச் சுமந்து போவதிலும் ஆபத்து இருந்தது. 2005-இல் டைம் வார்னர் நிறுவனத்தின் 40 பேக்கப் நாடாக்கள் கிடங்குக்குப் போகும் வழியில் தொலைந்தன. இந்நாள், முன்னாள் ஊழியர்கள் சுமார் 6 லட்சம் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. கொண்டு போனது வேறு யாரும் இல்லை, அந்தக் காளான் சுரங்கத்தில் பிறந்த அயர்ன் மவுண்டன் நிறுவனமேதான்!

மெதுவான கம்பியும் ஒரு கெட்டிக்கார யோசனையும்

நாடாவைச் சுமப்பதற்குப் பதில் கோப்புகளைக் கம்பி வழியாகவே அனுப்பலாமே என்றால், கம்பி மிக மெதுவாக இருந்தது. இந்தியாவின் 2004-ஆம் வருட பிராட்பேண்ட் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் பதிவிறக்க வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. பதிவேற்றமும் அதே வேகத்தில் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 10 ஜிகாபைட் கோப்புகளை அனுப்ப இடைவிடாமல் மூன்றரை நாள் ஆகும். தினமும் முழுவதையும் அனுப்புவது நடக்காத காரியம்.

இதற்கு வழி காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும். 1996-இல் அவர்கள் வெளியிட்ட 'ஆர்சிங்க்' செய்த வேலையை இப்படிப் புரிந்து கொள்ளலாம். 300 பக்க நாவலின் பழைய பிரதி ஒன்று தோழியிடம் இருக்கிறது. எழுத்தாளர் இரண்டு பத்திகளை மாற்றிவிட்டார். மறுபடியும் 300 பக்கங்களையும் தபாலில் அனுப்ப வேண்டாம். தோழி தன் பிரதியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குட்டி அடையாள எண் கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் அனுப்புகிறார். எழுத்தாளர் அதைத் தன் புதிய பிரதியோடு ஒப்பிட்டு, பொருந்தாத பகுதிகளை மட்டும் அனுப்புகிறார். வேலை முடிந்தது. மாறியதை மட்டும் அனுப்பு என்ற இந்தத் தத்துவம் இல்லையென்றால் வீட்டு இணைப்பிலிருந்து தினசரி பேக்கப் என்பது கனவாகவே இருந்திருக்கும்.

2005-இல் மோஸி, கார்பனைட் போன்ற இணையவழி பேக்கப் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. 2006 மார்ச்சில் அமேசான் 'எஸ்3' சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் காசு கொடுத்து, யார் வேண்டுமானாலும் தொலைதூரக் கிடங்கில் இடம் எடுத்துக் கொள்ளலாம் என்றானது. பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகும் பஸ்ஸில் தன் யூஎஸ்பி டிரைவை மறந்துவிட்டு வந்த ட்ரூ ஹூஸ்டன், அந்த எரிச்சலில் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் டிராப்பாக்ஸ். 2008-இல் அது பொதுமக்களுக்கு வந்தது. ஒரு கோப்புறையில் எதைப் போட்டாலும் அது தானாகவே மேலே போய், மற்றக் கணினிகளிலும் வந்து உட்கார்ந்தது. மேகக் கணிமை என்ற பெரிய வார்த்தை சாதாரண மக்களுக்குப் புரிந்தது இப்படித்தான்.

கானாவில் போன கரண்ட்

ஆனால் இந்த வசதியில் ஒரு பொறி இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பதும் (சிங்க்) பேக்கப்பும் ஒன்று என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஒரு கோப்பை இங்கே அழித்தால் சிங்க் அதை அங்கேயும் அழிக்கும். வைரஸ் கெடுத்தால் கெட்டதையே அங்கும் கொண்டு சேர்க்கும்.

இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27-ஆம் தேதி 'நாட்பெட்யா' என்ற தீநிரல் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருள் வழியாகப் புறப்பட்டு உலகெங்கும் பரவியது. கோபன்ஹேகனில் உள்ள மேர்ஸ்க் தலைமையகத்தில் ஒன்றன் பின் ஒன்றாகக் கணினித் திரைகள் கறுத்தன. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சுமார் 150 சர்வர்கள் அந்த நிறுவனத்தில் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று தகவலைப் பகிர்ந்து கொண்டிருந்ததால், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் தனியாகப் பிரதி எடுக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று தப்பியது தெரிய வந்தது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்பே கரண்ட் போய், அங்கிருந்த சர்வர் வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது! அங்கிருந்து இணையம் வழியாக அனுப்பலாம் என்றால் வேகம் போதவில்லை. ஆளை அனுப்பலாம் என்றால் கானா ஊழியர்களிடம் இங்கிலாந்து விசா இல்லை. அதனால் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாட்களில் புதிதாக அமைத்ததாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார். கோடிக்கணக்கில் செலவழித்த அமைப்பு கைவிட்ட இடத்தில் ஒரு மின்வெட்டு காப்பாற்றியது.

ஐந்து வழிகள், ஐந்தும் பூஜ்யம்

அதே 2017-இன் ஜனவரி 31 அன்று இன்னொரு விபத்து. கிட்லேப் என்ற நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவரும் உலகின் பல மூலைகளிலும் தத்தம் இடத்திலிருந்தே வேலை செய்பவர்கள். அன்று இரவு நீண்ட நேரம் விழித்திருந்து ஒரு கோளாறைச் சரி செய்து கொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஒன்றிரண்டு வினாடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது.

அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றாவது கை கொடுத்ததா? தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய கிளவுட் இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை தினமும் தோற்றுக் கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்படத்தான் செய்தன. ஆனால் பெறும் சர்வர் அவற்றை ஏற்காமல் திருப்பிவிட்டது. மணி அடித்தது, காதில் விழவில்லை!

தற்செயலாக, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மீட்டார்கள். ஆறு மணி நேரத்து விவரங்கள் போயே போயின. கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டியது, என்னென்ன தவறு என்று வரிவரியாக எழுதி வெளியிட்டது. எந்தத் தனி மனிதர் மீதும் பழி போடவில்லை. பேக்கப் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள பாடப்புத்தகம் குறைவு.

பூட்டிய அலுவலகங்கள்

2018-இல் மைக்ரோசாஃப்ட், ஒன்டிரைவ் சேவையில் ஒரு வசதியைக் கொண்டு வந்தது. ஊழியரின் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை, அவரை எதுவும் கேட்காமலேயே நிறுவனத்தின் கிளவுட் சேமிப்போடு இணைக்க நிர்வாகியால் முடிந்தது. 30 நாட்களுக்குள் எந்த நேரத்து நிலைக்கும் எல்லாக் கோப்புகளையும் பின்னோக்கிக் கொண்டு போகும் வசதியும் அதே வருடம் வந்தது. சிங்க்கின் பொறிக்கு அது ஒரு மாற்று.

இரண்டே வருடத்தில் அதன் அருமை தெரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்தியாவின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் லேப்டாப் இல்லாதவர்களுக்கு மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பின. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த அரசு விதிகள் தளர்த்தப்பட்டன. 1973-இல் ஜாக் நில்ஸ் யோசித்தது சில நாட்களில் கோடிக்கணக்கானோருக்கு நடைமுறையானது. அலுவலகத்தின் கோப்புகள், கரண்ட் போகும் வீட்டிலும், குழந்தை தண்ணீர் கொட்டும் மேசையிலும் குடியேறின.

இன்று ஒரு நிறுவனம் இதை ஒழுங்காக அமைப்பதென்றால் செய்ய வேண்டியவை எல்லாம் மேலே சொன்ன விபத்துகளிலிருந்தே பிறந்தவை. எந்தக் கோப்புறை போக வேண்டும் என்பதை ஊழியரின் ஞாபகத்துக்கு விடாமல் மையத்திலிருந்து தீர்மானிப்பது. மாறியதை மட்டும் அனுப்புவது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கி அனுப்புவது. பழைய பதிப்புகளைச் சில வாரங்களாவது வைத்திருப்பது. தோல்விச் செய்தி உண்மையிலேயே ஒருவரின் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ 2005-இல் தன் புத்தகத்தில் எழுதிப் பரவிய 3-2-1 விதி இன்றும் செல்லும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வெளியிடத்தில்.

கிளவுட்டும் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் கட்டிடம்தான். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். செயிண்ட் லூயிஸ் தீக்குப் பிறகு 48 வருடங்கள், அதே பாடம்.

இனி அந்த மூன்றாவது பாடம். பிக்ஸாரில் நாடா இருந்தது. கிட்லேப்பில் ஐந்து வழிகள் இருந்தன. எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கும் வழக்கம்தான் இல்லை. தானாக நடக்கும் எந்த வேலையும் தானாகவே நின்றும் போகலாம், சத்தமே இல்லாமல். அதனால் 'பேக்கப் எடுத்தாச்சா?' என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது. 'கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தோம்?' என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தேதியோடு பதில் சொல்ல முடியாத இடத்தில், பேக்கப் இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை மட்டுமே.

'டாய் ஸ்டோரி 2' 1999 நவம்பரில் திரைக்கு வந்தது. அவ்வளவு பாடுபட்டு மீட்ட பிறகு, கதை சரியில்லை என்று படத்தின் பெரும்பகுதியை அவர்களே மாற்றி மறுபடி எடுத்தார்கள் என்பது வேறு கதை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று தாங்களே முடிவு செய்யும் உரிமையை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, ஒரு தாயின் வீட்டில் இருந்த அந்த ஒரு பிரதி.